டிஸ்க் டாக்டரின் கைராசி

வைத்தியர்களில் நோயைத் தீர்ப்பவர் உண்டு; நோயாளியையே தீர்த்துவிடுபவரும் உண்டு. இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், வீட்டுக்குள்ளேயே தானாக முளைத்து, தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே நாடி பிடிக்க வருகிற ஓர் இனம் இருக்கிறது. அதற்கு டிஸ்க் டாக்டர் என்று பெயர். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். இல்லவே இல்லை என்கிறீர்களா? சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்காரச் சொல்வார்கள். இவர் வீட்டுக்குப் போனால் முதலில் பெட்டியைப் பார்க்கச் சொல்வார். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பெட்டி. பெரிய குக்கர் அளவு இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், முன்னால் பச்சை விளக்கு, பின்னால் ஒரு குட்டி மின்விசிறி. குடும்பத்தின் போட்டோ, வீடியோ, சான்றிதழ், பத்து வருஷத்துக் கரன்ட் பில், தலைமுழுகிவிட்ட பழைய ஃபிரிட்ஜின் உத்தரவாதச் சீட்டு வரைக்கும் எல்லாம் அதற்குள்ளேதான். வந்தவர் கையில் காபியை வைத்துக்கொண்டு நிற்பார், காபி ஆறும், பேச்சு ஆறாது.

"கிளவுட்ல வைக்கிறதுன்னா என்ன தெரியுமா? ஊர் பேர் தெரியாதவன் வீட்டு பீரோல நம்ம துணிய அடுக்கி வைக்கிறது. இங்க பாருங்க, ரெண்டு டிஸ்க். இதுல இருக்கிறது அப்படியே அதுலயும் இருக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு நிக்கும். கவலையே கிடையாது."

"ரெண்டும் ஒண்ணா செத்துட்டா?" என்று ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார், பாவம். நம் டாக்டர் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஆனா ஆவன்னா தெரியாதவனைப் பார்த்துத் தலைமையாசிரியர் சிரிப்பாரே, அது. அதற்குப் பிறகு அந்த மனிதர் அந்தப் பக்கமே வருவதில்லை.

இவருக்குப் பிழைப்பு ஒரு பெயின்ட் கம்பெனிக் கிடங்கில். எந்த டப்பா எந்த அடுக்கில் என்று எண் போட்டு எண் போட்டு அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. லேபிள் அடிக்கிற சின்ன மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். சமையலறையில் உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று ஒட்டியிருக்கும், கண்ணாடி டப்பாவுக்குள் உப்பு தெரிந்தாலும்! இரண்டு டிஸ்கின் மேலும் ‘1’, ‘2’ என்று ஒட்டியாயிற்று. ஒட்டிய கையோடு ஒரு பிரசங்கமும் உண்டு. "கம்ப்யூட்டர் நம்மள மாதிரி ஒண்ணுல ஆரம்பிக்காது. பூஜ்யத்துல ஆரம்பிக்கும். இதுகூடத் தெரியாம பாதிப் பேரு சர்வர் வெச்சுக்கிட்டிருக்கான்!" இந்தப் பிரசங்கத்தை மறந்துவிடாதீர்கள். அவர் மறந்துவிடுவார்.

அந்தப் பெட்டி வாரம் தவறாமல் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவருக்கு ஈமெயில் வேறு அனுப்பும். "என் சர்வர் எனக்கு லெட்டர் போடும்," என்பார், வெளியூரில் வேலை பார்க்கிற மகன் பணம் அனுப்புகிறான் என்று சொல்கிற தகப்பனின் பூரிப்போடு.

சட்டதிட்டங்களும் உண்டு. வீட்டில் பென்டிரைவ் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை இழுப்பறை, மனைவியின் கைப்பை, அலமாரி எல்லாவற்றையும் சோதனை போட்டு, கிடைத்த ஏழு பென்டிரைவையும் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு மூடி, அதன் மேல் ‘உபயோகிக்கக் கூடாது’ என்று லேபிள் ஒட்டி, பரணில் ஏற்றினார். போனில் எதையும் சேர்த்து வைக்கக் கூடாது. வாரக் கடைசியில் மனைவியின் போனில் இருப்பதெல்லாம் தானாகப் பெட்டிக்குப் போய்ச் சேரும். போனிலிருந்து தானாக அழிந்துவிடும். அழிப்பதில் மட்டும் அந்த ஏற்பாடு ஒருநாளும் பிசகியதில்லை.

மனைவி பேச்சுப் பயிற்சியாளர். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பவர். ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், ஒரு கண்ணாடி, ஒரு குட்டி மேசை, கொஞ்சம் மரப் பொம்மைகளோடு அவருக்கு ஓர் அறை. நான்கு வருஷத்தில் பதினொரு பிள்ளைகள் அந்த அறையில் முதன்முதலாக வாய் திறந்திருக்கிறார்கள். ஒருத்தன் ‘பந்து’ என்றான். ஒருத்தி ‘போ’ என்றாள், அதுவும் டீச்சரைப் பார்த்து! அந்த ஒவ்வொரு முதல் சொல்லையும் அவர் போனில் பதிந்து வைத்திருந்தார். போனில் என்றா சொன்னேன்? பெட்டியில்.

இப்போது ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு அந்த அறை மேல் கண். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு விட்டால் நல்ல வாடகை வருமாம். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். "இந்த அறையால என்ன பிரயோஜனம்னு காட்டுங்க," என்று சொல்லிவிட்டார்கள். காட்ட அவரிடம் இருந்தது அந்தப் பதினொரு குரல்தான். அறை போனால் வேலை போகும், அது ஒரு பக்கம். வாரத்துக்கு மூன்று நாள் அங்கே வருகிற பிள்ளைகள் அடுத்து எங்கே போவார்கள் என்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியிலிருந்து ஒரு சத்தம். டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டக், டக்.

"என்னங்க, உங்க பெட்டிக்கு விக்கல் எடுக்குது," என்றார் மனைவி.

டாக்டர் காதைப் பெட்டி மேல் வைத்தார். கண்ணை மூடினார். முகத்தில் வந்தது கவலை என்றா நினைக்கிறீர்கள்? ஆனந்தம்! நான்கு வருஷமாக ஒரு நோயாளிகூடக் கிடைக்காமல் காத்திருந்த வைத்தியர் அல்லவா?

மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "என் ஃபோல்டர மட்டும் முதல்ல ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க. அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு நேரம் வேணா ஆராய்ச்சி பண்ணுங்க."

"இந்த மாதிரி நேரத்துல கண்டதையும் காப்பி பண்ணக் கூடாதும்மா. முதல்ல நோய் என்னன்னு கண்டுபிடிக்கணும்."

"பதினொரு ஃபைலுங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது."

"உனக்குப் புரியாது. விடு."

இந்த இனத்தின் தேசிய கீதமே இதுதான்: உனக்குப் புரியாது, விடு.

அன்றைக்கு மனைவியின் அண்ணன் தங்கையைப் பார்க்க வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக், கையில் எப்போதும் கிரீஸ் கறை. தங்கையின் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார்.

"மாப்ள, எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் நடுவுல நின்னுட்டா முதல்ல உள்ள இருக்கிற ஆள வெளிய எடுப்போம். அது ஏன் நின்னுச்சுங்கறத அப்புறமாப் பார்ப்போம்."

"மச்சான், இது லிஃப்ட் இல்ல."

"ஆள் உள்ள இருக்காங்கல்ல?"

டாக்டர் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். கிரீஸ் கைக்காரனுக்கு எல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் படித்த படிப்புக்கு என்ன மரியாதை? பதில் கேட்டு நிற்கிற ஆளும் இல்லை அண்ணன். தங்கை தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு தொடங்கியது பரிசோதனை. முதல் குற்றவாளி, வாஷிங் மெஷின். அது சுற்றுகிற அதிர்வு சுவர் வழியாக வந்து டிஸ்கை ஆட்டுகிறதாம். ஆகவே துவைப்பது நிறுத்தப்பட்டது. அடுத்து தூசி. செருப்பு அலமாரி இடம்பெயர்ந்து கூடத்துக்கு வந்தது. அடுத்து வயர். அடுத்து பிளக். அடுத்து மேல் வீட்டுக்காரர் எப்போதோ சுவரில் ஓட்டை போட்டது. ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பிப் பெட்டி மேல் வைத்து, தண்ணீர் அலைகிறதா என்று அரைமணி நேரம் குந்தியிருந்து பார்த்தார். இப்படி ஊரில் உள்ள எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது, ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று டக் டக்கென்று கதறிக்கொண்டிருந்த டிஸ்கைத் தவிர.

திங்கட்கிழமை ‘முழுச் சோதனை’. டிஸ்கின் ஒவ்வோர் இண்டு இடுக்கையும் படித்துப் பார்க்கிற சோதனை. பத்தொன்பது மணி நேரம் ஓடும். மூச்சுத் திணறுகிற கிழவரை மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்லி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதும் இதுவும் ஒன்றுதான். கிழவர் என்ன சொல்வார்? டக் டக் டக் டக் என்றார்.

இடையே இணையத்தில் ஒரு குழுமத்தில் தன் சந்தேகத்தை எழுதினார். சந்தேகம் என்றா சொன்னேன்? கட்டுரை. டிஸ்கின் சூடு, வயது, சுற்று வேகம், அறையின் நீள அகலம், டம்ளர் தண்ணீர் எல்லாம் அதில் இருந்தன. ஆறு பேர் பதில் எழுதினார்கள். ஆறு பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "வேற எங்கயாவது நகல் இருக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்ல ஒருத்தனுக்கும் துப்பு இல்ல," என்று லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

செவ்வாய்க்கிழமை காலை சோதனையின் முடிவு வந்தது. பெட்டி சொன்னது இவ்வளவுதான்: ‘டிஸ்க் 1 பழுது. உடனே மாற்றவும்.’

டாக்டர் கிடங்குக்கு லீவு சொன்னார். சட்டைக் கையை மடித்தார். பெட்டியைத் திறந்து, தானே தன் கையால் ‘1’ என்று லேபிள் ஒட்டிய டிஸ்கை, பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி அலுங்காமல் குலுங்காமல் வெளியே எடுத்தார்.

இப்போது அந்தப் பிரசங்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதற்கு முதல் டிஸ்க் பூஜ்யம், இரண்டாவதுதான் ஒன்று. வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் இதைப் பாடம் நடத்திய மனிதர், லேபிள் ஒட்டும்போது மட்டும் பெயின்ட் டப்பாவுக்கு ஒட்டுகிற மாதிரி ஒன்றிலிருந்து ஒட்டியிருந்தார். அவர் கையில் இருந்தது கல்லுக்குண்டு மாதிரி இருந்த நல்ல டிஸ்க். சாகக் கிடந்தது பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அப்போதாவது எடுத்ததைச் சும்மா மேசை மேல் வைத்திருக்கலாம். சும்மா இருந்தால் அவர் என்ன டிஸ்க் டாக்டர்? தன் மேசைக் கம்ப்யூட்டரில் அதை மாட்டினார். ‘இதை முழுவதும் அழித்து, திரும்ப எழுதிச் சோதிக்கவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. கொஞ்சம் பயந்துபோய் இரண்டாவது தடவையும் கேட்டது. டாக்டர் இரண்டு தடவையும் ‘ஆம்’ என்று அழுத்தினார். பழுதான டிஸ்க்தானே, அழிந்தால் என்ன, நல்லதுதான் உள்ளே நிற்கிறதே!

மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "அந்தப் பதினொண்ணு மட்டும்..."

"இன்னொரு டிஸ்க்ல பத்திரமா இருக்கும்மா. அதுக்குத்தான ரெண்டு வெச்சிருக்கேன்? நாளைக்குச் சாயங்காலம் நீயே கேளு, தேன் மாதிரி இருக்கும்."

செவ்வாய் பூராவும் அழித்து எழுதுகிற வேலை ஓடியது. புதன் மத்தியானம் முடிந்தது. திரையில் வந்த வரியைப் பார்த்து டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்: ‘பிழைகள்: 0’. ஒரு குறைகூட இல்லை! தொட்டதும் குணமாகிவிட்டது! என்ன கைராசி! இதில் இன்னோர் அதிசயம், மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியிலும் அந்த டக் டக் நின்றுவிட்டிருந்தது. பெட்டியில் அப்படி ஓர் அமைதி. டாக்டர் அதைச் சுகம் என்று நினைத்தார். பிணமும் அமைதியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது?

சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் நற்செய்தி வந்துவிட்டது. "சத்தமே இல்ல பாத்தியா? மூணு நாளா என்னென்ன பேச்சு கேட்டேன்! இப்பச் சொல்லு உங்க அண்ணன்கிட்ட."

மனைவி லேப்டாப்பைத் திறந்தார். ஃபோல்டர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. திரையில் பெட்டியே இருந்த இடம் தெரியவில்லை. டாக்டர் ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்துப் போட்டார். பச்சை விளக்கு சிவப்பாயிற்று. கழற்றி வைத்த டிஸ்கைத் திரும்ப உள்ளே செருகினார். அதில் இப்போது முதலிலிருந்து கடைசி வரை வெறும் பூஜ்யங்கள், ஒரு பிழைகூட இல்லாமல். அந்த நிமிஷத்தில்தான் பூஜ்யம், ஒன்று என்கிற கணக்கு அவர் மண்டையில் உறைத்தது. காது மடல் சிவந்தது. வாயைத் திறந்தவர் என்ன சொன்னார்? தப்புப் பண்ணிட்டேன் என்றா?

"இந்தக் கம்பெனிக்காரன் நம்பர் போட்டிருக்கிற லட்சணத்தைப் பாத்தியா?"

மனைவி அழவில்லை, கத்தவும் இல்லை. லேப்டாப்பை மூடினார். "பதினொரு ஃபைல். அஞ்சு நிமிஷம்," என்றார். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அங்கே என்ன நடந்தது என்று டாக்டருக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஒரு பிள்ளை முதன்முதலாக வாய் திறக்கிற அன்றைக்கு, சந்தோஷம் தாங்காமல், பதிந்த குரலை அப்போதே அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பிவிடுவது மனைவியின் வழக்கம். பெட்டியைப் பற்றியோ நகலைப் பற்றியோ அப்போது அவர் நினைத்ததே இல்லை. அம்மா கேட்க வேண்டுமே, அவ்வளவுதான். இப்போது ஒவ்வோர் அம்மாவாகக் கூப்பிட்டார். தையல்காரி ஒருத்தி, பஸ் கண்டக்டர் ஒருத்தி, ஸ்கூலில் பெருக்குகிறவள் ஒருத்தி.

"அத எப்படிங்க டீச்சர் அழிப்பேன்? தினம் ஒரு தடவ கேக்கறேன்," என்றாள் தையல்காரி. அவள் போனில் கண்ணாடி விரிசல் விட்டு ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருக்கும். அதிலிருந்துதான் முதல் குரல் வந்தது. "பந்து."

அந்த வராந்தாவிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டது. ‘பந்து’, ‘போ’, ‘தண்ணி’. டாக்டர் பிணமாகிப்போன பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எண்ணினார். இந்தத் தடவை ஒன்றிலிருந்துதான் எண்ணினார். ஒன்பது வந்தது. பத்தாவது வரவில்லை. ஓர் அம்மாவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. இன்னொரு வீட்டில் பழையதைக் கொடுத்துப் புதுசு வாங்கிவிட்டார்கள்.

"அந்த ரெண்டு பிள்ளைங்களும் முதல்ல என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார் மனைவி உள்ளே வந்து. "எப்படிச் சொன்னாங்கங்கறதுதான் இனிமே யாருக்கும் கிடைக்காது." அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பிஸ்கட் தகர டப்பாவை இறக்கி, ‘உபயோகிக்கக் கூடாது’ என்ற லேபிளை நகத்தால் கிழித்துப் போட்டுவிட்டு, ஏழு பென்டிரைவிலும் அந்த ஒன்பது குரலையும் ஏற்றினார்.

வியாழக்கிழமை, மனைவி கூட்டத்தில் இருந்த நேரத்தில், இவர் உத்தரவாதச் சீட்டைத் தேடி ஈமெயிலைத் துழாவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ‘சர்வர் நலம்’ என்று ஓரமாக ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. பெட்டி வாராவாரம் போட்ட லெட்டர்கள். தொந்தரவாக இருக்கிறதென்று, வந்ததும் படித்ததாகக் குறித்து அங்கே போய் விழும்படி முன்பொருநாள் அவரே ஏற்பாடு செய்திருந்தார். திறந்து பார்த்தார். நாற்பத்தொரு லெட்டர்கள். நாற்பத்தொன்றிலும் ஒரே வரி: ‘டிஸ்க் 1 பலவீனமாகிறது.’

டாக்டர் வாசல் பக்கம் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். நாற்பத்தொன்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தார். அதற்கு மட்டும் எந்த அம்மாவிடமும் நகல் இல்லை.

மத்தியானம் மனைவி திரும்பி வந்தார். அறையைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். ‘போ’ என்ற குரலைக் கேட்டுக் ஆஸ்பத்திரிக் கணக்குப்பிள்ளைகூட மூக்கை உறிஞ்சினாராம். அண்ணனும் விஷயம் கேட்க வந்திருந்தார். டாக்டர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அதான் நான் எப்பவும் சொல்றது. எதுவா இருந்தாலும் ரெண்டு இடத்துல இருக்கணும்!"

விழுந்தார், புரண்டார், மீசையில் ஒரு துளி மண் கிடையாது. அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை, கூடத்தின் நடுவே கிடந்த செருப்பு அலமாரியைத் தனியாளாக இழுத்துக்கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே, பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் வைத்தார். செருப்புகளை அடுக்கினார். பிறகு நான்கு நாளாகச் சேர்ந்து கிடந்த அழுக்குத் துணியை வாஷிங் மெஷினில் போட்டார்.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. கடைசியில் பேசிக்கொள்வோம் என்று சொன்னது நினைவிருக்கட்டும். என் வீட்டில் பெட்டியும் இல்லை, டிஸ்கும் இல்லை, நான் அந்த இனமே இல்லை என்பீர்கள். இந்த இனத்துக்குப் பெட்டி அவசியமில்லை. ஒழுகுகிற குழாய் போதும், நின்றுபோன ஸ்கூட்டர் போதும், வீட்டில் ஒருவருக்கு வந்த காய்ச்சல் போதும். உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவர் ‘முதல்ல என்னை வெளிய எடுங்க’ என்று சொல்லும்போது, ‘இரு, இது ஏன் நின்னுச்சுன்னு பார்த்துடறேன்’ என்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையா? உங்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. எழுந்துபோய் வீட்டில் இருக்கிறவர்களைக் கேளுங்கள். அவர்கள் வாயைத் திறக்குமுன்னே ‘உனக்குப் புரியாது, விடு’ என்று உங்கள் வாயில் வந்துவிட்டதானால், வாருங்கள் டாக்டர், வணக்கம்.